வரிக்காரர் வீட்டுப் பலகாரத் தாச்சி

ஆவணி மாதத்து முதல் ஞாயிறு. நகரத்துக்குத் தெற்கே, ரயில் பாதையோரத்துப் பாபகூராவில் செல்வரத்தினம் தன் மகள் கம்சாயினியின் கலியாணம் சொல்ல ஆறு வீடுகளுக்குப் போனார். ஆறு வீட்டிலும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பி வந்தார்.

மனைவி சரோஜாதேவி குசினியில் நின்று சில்வர்பீற் கீரை அரிந்துகொண்டிருந்தாள். ஆவணி இந்த நாட்டில் குளிர்காலம்; கிழமைக் கணக்காக விடாத மழை. காயாத உடுப்பெல்லாம் ஹீட்டரைச் சுற்றிக் கதிரைகளில் தொங்கி, வீடு முழுவதும் ஈர நாயின் மணம். மனிசன் சப்பாத்தைக் கழற்றியதும் நேரே கேத்திலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனதைக் கண்டு அவளுக்கு ஏதோ இடித்தது. கலியாணம் சொல்லப் போய் வருகிறவரின் வயிறு தேத்தண்ணியில் மிதக்க வேண்டும். ‘இனி ஒரு கோப்பை வைச்சீரோ செத்துப்போவன்’ என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும். இவர் என்னவென்றால் வறண்ட தொண்டையோடு வந்து நிற்கிறார்.

“என்னப்பா, ஒருதரும் தேத்தண்ணி தரேல்லையோ?”

“மழைதானே. எல்லாருக்கும் அவசரம்.”

“மழைக்கு வீட்டுக்குள்ள குந்தியிருக்கிற சனத்துக்கு என்ன அவசரம்? நந்த் வீட்டிலயுமோ?”

“பிரேம்வதி கதவில நிண்டபடியே கதைச்சா.”

சரோஜாதேவியின் கத்தி நின்றது. பிரேம்வதி பக்கத்துத் தெரு. ஃபிஜிக்காரி. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில் இவர்களுக்குப் போர்வை கொண்டுவந்து போர்த்தியவள். அவள் வீட்டில் படியேறியவன் குடிக்காமல் திரும்பினான் என்றால் பாபகூராவில் ரயில் நிற்காமல் போயிற்று என்பதுபோல.

“முதலிலயிருந்து சொல்லுங்கோ. போய் என்ன சொன்னனீங்கள்?”

“என்னத்தைச் சொல்லுறது? சந்தனம் குங்குமத் தட்டை நீட்டினன். பிள்ளைக்குக் கலியாணம், வாற ஞாயிறு பலகாரத்துக்குத் தாச்சி வைக்கிறம், பொம்பிளையள் வந்து கை குடுக்கோணும் எண்டன். அதோட அந்தச் சீட்டையும் குடுத்தன்.”

“எந்தச் சீட்டை?”

“சபையின்ர உபயச் சீட்டு. எப்பிடியும் அதே வீடுகளுக்குத்தானே போகோணும்? ரெண்டு தரம் பெற்றோல் எரிப்பானேன் எண்டு நினைச்சன்.”

“கலியாணத் தட்டிலயோ வரிச்சீட்டை வைச்சனீங்கள்?”

“சீ, தட்டில இல்லை. சேர்ட் பொக்கற்றிலயிருந்து எடுத்துத்தான் குடுத்தனான்.”

“ஓ, பொக்கற்றிலயிருந்தோ? அப்ப பெரிய மரியாதைதான். குங்குமத்தைப் பூசிப்போட்டுக் கழுத்தைப் பிடிச்சிருக்கிறியள்!”

செல்வரத்தினம் கேத்திலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது கொதிக்கிறவரைக்கும் வாய் திறக்கத் தேவையில்லை என்பது அவருக்கு ஒரு வசதி.

பிழை அந்தப் பெற்றோல் கணக்கில் மட்டும் இல்லை. கதை கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறது.

பாபகூராவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த சைவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் சாரணர் மண்டபமான ஸ்கவுட் ஹோலை வாடகைக்கு எடுத்துப் பூசை வைத்தார்கள். பிள்ளையார் ஒருவருடைய கார் டிக்கியில் வருவார், குத்துவிளக்கு இன்னொருவருடைய டிக்கியில் வரும். யாழ்ப்பாணத்துச் சனம் பாதி, ஃபிஜிச் சனம் பாதி. சுண்டலில் இவர்கள் தேங்காய்ச் சொட்டுப் போடுவார்கள், அவர்கள் சீரகம் போடுவார்கள். இதைத் தவிர வேறு சண்டை இருந்ததில்லை.

நகரப் பக்கத்தில் இருந்ததுதான் மத்திய சபை. முன்னம் வந்த ஆட்கள், நல்ல உத்தியோகம், நல்ல கோட்டு. ஸ்கவுட் ஹோல் அவர்களுக்குத் ‘தெற்குக் கிளை’. சபைக்குச் சொந்தக் கட்டிடம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தெற்குக் கிளையின் ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் தீர்மானித்தார்கள். அதற்குக் ‘கட்டிட உபயம்’ என்று பெயர். உபயமென்றால் விரும்பிக் கொடுப்பது. இது கொடுக்காவிட்டால் அபராதம் உள்ள உபயம். பிறகு இன்னொரு சட்டம் வந்தது: பூசைக்கும் கொண்டாட்டங்களுக்கும் அரிசி, மா, உழுந்து, எண்ணெய் எல்லாம் சபையின் பண்டசாலையில்தான் வாங்க வேண்டும். அங்கே மாவின் விலையும் கூட, மாவிலிருந்த வண்டும் கூட. அதற்கும் பிறகு மூன்றாவது: சபையின் சீல் குத்திய பற்றுச்சீட்டு இல்லாத வீட்டுக்கு ஐயரை அனுப்புவதில்லை.

தெற்குக் கிளை நிர்வாகக் குழுவில் ஒரேயொரு கதிரை கேட்டது. ‘காலக்கிரமத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது. ஃபிஜிக் குடும்பங்களுக்கு அந்தப் பதிலும் இல்லை. அவர்கள் ‘துணை அங்கத்தவர்’. உபயம் முழுசாகக் கட்டலாம். கூட்டத்தில் கை மட்டும் உயர்த்த முடியாது.

இதை வசூலிக்கச் சபை செல்வரத்தினத்தைத்தான் பிடித்தது. ஒரு காரணம் அவருடைய உத்தியோகம். பேர்த் நகரத்தில் ஓடிக் களைத்த பழைய டீசல் பெட்டிகளைக் கொண்டுவந்து பாபகூராப் பாதையில் விட்டிருந்தார்களே, அதில் டிக்கெட் கொடுக்கிறவர் அவர். மற்றக் காரணம்தான் உண்மையான காரணம். மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை விதுஷன், நகரத்துக்கு மேற்கே மாசி என்ற இடத்தில் இருக்கிற ரதிதேவியின் மகன். ரதிதேவியின் தமையன் சபாரத்தினம். சபாரத்தினம் மத்திய சபையின் தலைவர். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் ‘மாட்டன்’ என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு எழும்பும்?

“ஆயக்காரன் வேலை வேண்டாமெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றாள் சரோஜாதேவி.

“ஞாயிற்றுக்கிழமை ஒருதரும் வராட்டில் என்ன செய்யிறது?” என்றார் அவர் கோப்பையைப் பார்த்தபடி.

அதுதான் கேள்வி. கலியாணத்துக்கு முன்னம் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நேரத்துக்கு, இரண்டு வீட்டிலும் பலகாரம் சுடத் தாச்சிச் சட்டியை அடுப்பில் வைக்க வேண்டும். அயலட்டையிலுள்ள சுமங்கலிப் பெண்கள் ஒற்றைப்படையில் கூடி நின்று முதல் பணியாரத்தை எண்ணெயில் விடவேண்டும். பணியாரம் கடையில் வாங்கலாம்; கூடி நிற்கிற பெண்களை எந்தக் கடையில் வாங்குவது? ஒருத்தி தனியாக நின்று சுட்டாள் என்றால் அந்தக் கலியாணத்துக்கு ஊர் இல்லை என்று அர்த்தம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பாபகூராவாவது ஊராக இருக்கட்டும் என்றுதான் சரோஜாதேவி இத்தனை வருடமாக ஒவ்வொரு வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கும் செத்தவீட்டுக்கும் ஓடியோடிச் சமைத்தாள்.

மறுநாள் பின்னேரம் அவள் குடையை எடுத்துக்கொண்டு பிரேம்வதி வீட்டுக்குப் போனாள்.

“வா தங்கச்சி, ஒக்காரு,” என்றாள் பிரேம்வதி. தாயிடம் கேட்டுப் பழகிய தமிழ். இடையில் ஹிந்தி வந்து ஏறிக்கொள்ளும். வேலைத்தலத்து நீலக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. கேத்தில் அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பார்க்காததுபோலத் திரும்பினார்கள்.

“அக்கா, அந்த மனிசன் செய்த விசர் வேலைக்கு நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“எது விசர் வேல? சீட்டு குடுத்ததா, கல்யாணத்தோட சேத்துக் குடுத்ததா?”

வியாபாரத்தில் இப்படிக் கேட்கிறவளிடம் விலை குறையாது என்று சரோஜாதேவிக்குத் தெரிந்தது. அவள் பதில் தேடும்போது பிரேம்வதியின் புருசன் சத்ய நந்த் பின்கதவால் உள்ளே வந்தார். நசுங்கிய கார்களை அடித்து நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கிற தொழில். காதுமடலில்கூடச் சாம்பல் நிறப் பெயின்ற்.

“செல்வா பாய் நல்ல மனுசன்,” என்றார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு. “ரயில்ல நம்ம பசங்க காசில்லாம ஏறினா ஜன்னலப் பாத்துட்டே போயிடுவாரு. ஆனா இப்ப அவரு கையில இருக்கிறது ரயில் டிக்கெட் இல்லியே.”

“அவருக்கு அது விருப்பமில்லை அண்ணை. தலையில கட்டிவிட்டவை.”

“தெரியும். எல்லா எடத்திலயும் அப்படித்தான். ஃபிஜியில கரும்புக் காலத்துல வெள்ளக்காரன் நம்ம ஆளுங்க தலைக்கு வரி போட்டான். கவுன்சில்ல ஒக்கார ஒரு நாக்காலி குடுன்னு கேட்டாங்க. வரி இப்ப, நாக்காலி அப்புறம்னான். ஆனா வசூலுக்கு வெள்ளக்காரன் வரல தங்கச்சி. நம்மள்ல ஒருத்தனத்தான் புடிச்சு அனுப்பினான். எங்க அப்பாவுக்கு அந்த வெள்ளக்காரன் பேரு ஞாபகம் இல்ல. வசூல் பண்ண வந்தவன் பேரு சாவுற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு.”

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“எங்கட நாட்டில வெள்ளைக்காரன் நாய்க்கும் வரி போட்டவன் எண்டு சொல்லுவினம்,” என்றாள் சரோஜாதேவி, எதையாவது சொல்லவேண்டும் என்று. “கடைக்கு, வண்டிலுக்கு, துவக்குக்கு, கடைசியில நாய்க்கு. சிங்களச் சனம் எழும்பிக் குழப்பம் செய்தவை.”

“நாய்க்கா?” பிரேம்வதி சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “இங்க பாரு சரோஜா. காசு இல்ல விசயம். அந்த ஹாலுக்குக் கம்பளம் வாங்குனப்ப நான் குடுக்கலியா? வந்து ஒக்காந்து, அக்கா இப்படி ஒரு கட்டடம் கட்டுறோம், நீ என்ன சொல்றேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா வளையலக் கழட்டிக் குடுத்திருப்பேன். கேக்கல. எம் பேரத் துணைன்னு எழுதிட்டு, காச மட்டும் முழுசாக் கேக்குறான்.”

“பிள்ளை என்ன செய்தவள் அக்கா? ஞாயிற்றுக்கிழமை...”

“ஒம் பொண்ணு என் கண்ணு. ஆனா நான் வந்து முறுக்கு புழிஞ்சேன்னு வை, நாளைக்கே அந்த ஆளு சொல்லுவான், பாபகூரா ஒத்துக்கிடுச்சின்னு. வேணாம். வரிக்காரர் வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் வேலைக் கோட்டின் கையால் கண்ணை அழுத்தினாள். சரோஜாதேவி குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். பிரேம்வதி கோபித்துக் கத்தியிருந்தால் இவளும் நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். அழுதவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

புதன்கிழமை சபாரத்தினத்தின் கார் வாசலில் வந்து நின்றது. கூடத் தங்கை ரதிதேவி. டிக்கியில் இரண்டு மூட்டை அரிசிமா, ஒரு மூட்டை உழுந்து, எண்ணெய் டின்கள். ஒவ்வொன்றிலும் பண்டசாலையின் நீலச் சீல்.

“மாப்பிள்ளையின்ர தாய்மாமன்ர அன்பளிப்பு,” என்றார் சபாரத்தினம் கதிரையில் அமர்ந்து. அளந்து பேசுகிற மனிதர். குரல் உயர்த்த வேண்டிய தேவையே வாழ்க்கையில் வந்திராத குரல். “உங்களுக்கு ஒரு சதச் செலவில்லை. ஞாயிறு பலகாரம் இதிலதான் சுடவேணும், என்ன?”

சரோஜாதேவியின் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பெரியகடைத் தெருவில் துணி விற்றவர். சும்மா வருகிற முழத்தைத்தான் நன்றாக உதறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுவார். இந்த மாவில் பலகாரம் சுட்டால், அதில் கை வைக்கிற ஒவ்வொரு பெண்ணும் பண்டசாலைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவளாகிவிடுவாள். விலையில்லாத மா, ஆனால் அந்தச் சீலோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

“ஏன் அண்ணை, அவை கேட்ட அந்த ஒரு கதிரையைக் குடுத்தா என்ன?” என்று கேட்டாள்.

செல்வரத்தினம் இருமினார்.

சபாரத்தினம் கோபிக்கவில்லை. “தங்கச்சி, நான் இந்த ஊருக்கு வந்த புதிசில எங்கட சனத்தில ஒருதர் செத்துப்போனார். பாடி வைக்க இடமில்லை. தேவாரம் படிக்கத் தெரிஞ்ச நாலு பேர் ஒரு பார்க்கிங்கில நிண்டு படிச்சம். அண்டைக்கு நினைச்சன், சாக முதல் ஒரு மண்டபம் கட்டோணும் எண்டு. ஆளுக்கொரு கதிரை குடுத்துக் கதைச்சுக்கொண்டிருந்தா மண்டபம் எழும்பாது. கட்டி முடிய எல்லாரும் வந்து இருக்கட்டும், நான் வேண்டாமெண்டோ சொல்லுறன்?”

அதிலும் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் சுலபமாக வெறுத்துவிடலாம்.

“ஞாயிறுக்குள்ள தெற்கின்ர உபயம் பாதியாவது வரவேணும் செல்வரத்தினம். பொன்னுருக்குக்கு முதல் கை வைக்க வேண்டிய தாய்மாமன் நான். என்ர மரியாதையும் இதில கிடக்கு.” அவர் புன்னகைத்தார். புன்னகைக்குப் பின்னாலிருந்த கதவு பூட்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ரதிதேவி அதுவரை காப்பைத் திருகிக்கொண்டு மருமகளுக்கு எடுத்த கூறைச்சேலையைப் பற்றி மட்டும் கதைத்தவள். போகும்போது சரோஜாதேவியின் காதருகே, “அண்ணா சொன்னா எங்கட வீட்டில ஒருதரும் எதிர்த்துக் கதைக்கிறேல்லை,” என்றாள். அது மிரட்டலா மன்னிப்பா என்று சரோஜாதேவிக்குப் பிடிபடவில்லை.

கம்சாயினி மனுகாவ் நூலகத்து வேலை முடிந்து வந்தபோது தாயும் தகப்பனும் மாமூட்டைகளுக்கு இரண்டு பக்கமும், செத்தவீட்டில்போல, உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்குத் தெரியுமே, அமெரிக்காவில இங்கிலாந்துக்காரன் இப்பிடித்தான் முத்திரை வரி போட்டவன். பேப்பருக்கு, பத்திரத்துக்கு, சீட்டுக்கட்டுக்குக் கூட. பாராளுமன்றத்தில அவையளுக்கு ஒரு இடம் இல்லை. அந்த முத்திரை விக்கிற வேலையை எடுத்தவன்ர கொடும்பாவியைச் சனம் மரத்தில கட்டித் தூக்கினது.”

செல்வரத்தினம் யன்னலால் பார்த்தார். பின்வளவில் இருந்தது ஒரு தேசிக்காய் மரம் மட்டும்.

“அது என்னைத் தாங்காது பிள்ளை.”

“பிறகு அவனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள் சரோஜாதேவி.

“வேலையை விட்டிட்டான். வீட்டுக்குப் போயிட்டான். அவ்வளவுதான்.”

“அவன்ர மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கேல்லைப் போல,” என்றார் செல்வரத்தினம்.

கம்சாயினி சிரிக்கவில்லை. மூட்டையின் நீல முத்திரையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “விதுஷனோட நேற்றே கதைச்சனான். மாமா வராட்டிலும் பரவாயில்லை எண்டுறார். ஆனா தன்ர அம்மா என்ன சொல்லுவாவோ தெரியாது எண்டுறார். அம்மா, கலியாணம் நிண்டா நான் அழுவன்தான். பொய் சொல்லேல்லை. ஆனா நீங்கள் அந்தத் தாச்சிக்கு முன்னால தனிய நிக்கிறதைப் பாத்துக்கொண்டு நான் கூறை உடுக்க மாட்டன்.”

செல்வரத்தினம் தன் கைகளைப் பார்த்தார். இரண்டு நாட்டிலும் டிக்கெட் கிழித்த கைகள்.

“நாளைக்குக் காலமை எனக்கு நகரத்துக்குப் போற ரயில்,” என்றார் மனைவியிடம். “நீரும் வாறீரே? ஒரு மூட்டையை நான் தூக்குவன். மற்றதுகளுக்கு ஆள் வேணும்.”

வியாழக்கிழமை காலை பாபகூரா ஸ்டேஷனில் நின்றவர்கள் ஒரு காட்சி கண்டார்கள். ரயில் சீருடையில் செல்வரத்தினம் தோளில் மாமூட்டையோடு வந்தார். பின்னால் சரோஜாதேவி எண்ணெய் டின்னோடு. அவளுக்குப் பின்னால் கம்சாயினி, ஒரு தள்ளுவண்டியில் மிச்சம். வேலைக்குப் போகிற சனம் வழி விட்டது. சத்ய நந்தின் கராஜ் ஸ்டேஷனுக்கு எதிரே. அவர் கையில் சுத்தியலோடு வாசலுக்கு வந்து பார்த்தார்.

“பாய், எங்க கொண்டு போறீங்க?”

“வந்த இடத்துக்கு.”

“கடல்ல கொட்டணும் அத!”

“சாப்பாட்டுச் சாமான் நந்த். கொட்டினாப் பாவம் எங்களைத்தான் சேரும்,” என்று சொல்லிவிட்டுச் செல்வரத்தினம் மூட்டைகளைப் பெட்டிக்குள் ஏற்றினார். கம்சாயினி வெறும் தள்ளுவண்டியோடு வீட்டுக்குத் திரும்பினாள். ரயில் புறப்பட்டதும் தோல்பையைத் திறந்து மனைவிக்கு ஒரு டிக்கெட் வெட்டினார். பிறகு சட்டைப் பொக்கற்றிலிருந்து தன் காசை எடுத்து மூட்டைகளுக்கும் வெட்டினார்.

“இதுக்கேன்?” என்றாள் சரோஜாதேவி.

“சபாரத்தினத்தின்ர சாமான் சும்மா பயணம் செய்ததெண்டு ஒருதரும் சொல்லக்கூடாது.”

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்த மனிசன் பகிடி விட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தாள். எதிரே இருந்த சமோவாக் கிழவரும் ஏன் என்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

நகர ஸ்டேஷனுக்குச் சபாரத்தினத்தை வரச் சொல்லியிருந்தார்கள். உபயம்தான் வருகிறது என்று நினைத்து வந்த மனிதர் மூட்டைகளைக் கண்டு நின்றார். செல்வரத்தினம் வசூல் புத்தகத்தையும் சபையின் முத்திரைக் கட்டையையும் மூட்டையின் மேல் வைத்தார்.

“அண்ணை, மண்டபம் கட்டுங்கோ. வந்து கேட்டா நானும் கல்லுச் சுமப்பன். இந்த வேலையை மட்டும் வேற ஆரிட்டயும் குடுங்கோ.”

“யோசிச்சுத்தான் செய்யிறீரோ?”

“இல்லை. யோசிச்சிருந்தா இண்டைக்கும் துணிவு வந்திராது.”

சபாரத்தினம் புத்தகத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். “அப்ப பொன்னுருக்குக்கு நான் இல்லை. ஐயரும் இல்லை. மிச்சத்தை ரதியோட கதைச்சுக்கொள்ளுங்கோ,” என்றார். அதே அளந்த குரல்.

ரதிதேவி அன்றைக்கும் கதைக்கவில்லை, வெள்ளிக்கிழமையும் கதைக்கவில்லை. சரோஜாதேவி எடுத்த போனை ஒருவரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவள் சந்தனத் தட்டோடு ஒவ்வொரு வீடாக நடந்தே போனாள். “பலகாரம் சுடுறம், வாங்கோ,” என்று மட்டும் சொன்னாள். கலியாணம் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு, “தாச்சி வைக்கிறது என்ர வேலை. மிச்சம் பிள்ளையாற்ற வேலை,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. குசினியில் பொரித்தால் புகை மணி அலறித் தெருவையே கூட்டிவிடும் என்பதால் வீட்டுக் கராஜின் கதவைத் தூக்கிவிட்டு உள்ளே காஸ் அடுப்பு வைத்தாள். பிள்ளையார் பிடிக்கச் சாணி கிடைக்கவில்லை, மஞ்சள்தான். மா, சந்தியிலிருந்த டெயரி என்கிற சில்லறைக் கடையில் வாங்கியது. செல்வரத்தினம் வேட்டியோடு வாசலுக்கும் கராஜுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

முதலில் வந்தது பிரேம்வதி. சொந்தத் தாச்சி, சொந்த எண்ணெய், சொந்தக் கரண்டி, கையில் ஒரு பெரிய சட்டி பயற்றமா. “உன் எண்ணெய் ஆவாது, நம்ம ஃபிஜிக்காரன் கடை எண்ணெதான் நல்லாப் பொங்கும்,” என்று கூவிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஃபிஜிப் பெண்கள். பிறகு யாழ்ப்பாணத்துப் பங்கஜம். பிறகு எதற்கும் குறை சொல்லுகிற சாந்தகுமாரியும் வந்து, அடுப்பு வடக்குப் பார்த்திருக்கிறதே என்றாள். மற்றவர்களும் வந்து சேர, கராஜ் கொள்ளவில்லை. ஒருத்தி அரியதர மாவை உருட்டினாள், ஒருத்தி முறுக்கு உரலை இறுக்கினாள், சத்ய நந்த் வெளியே நின்று, “ஆம்பளைக்கு ஒண்ணும் கெடையாதா?” என்று கேட்டுத் திட்டு வாங்கினார்.

பிரேம்வதியைத்தான் முதல் பணியாரம் விடச் சொன்னாள் சரோஜாதேவி. எண்ணெய் சீறியது. பெண்கள் குலவை போட்டார்கள். யாழ்ப்பாணத்தார் மறந்துபோனதை ஃபிஜிக்காரிகள்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அப்போது கம்சாயினி போனை நீண்ட வயரோடு இழுத்துக்கொண்டு கராஜ் கதவுவரை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அம்மா. மாமி.”

சரோஜாதேவி மாக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முறுக்கு உரல்கள் நின்றன.

“சம்பந்தி,” என்றது ரதிதேவியின் குரல். “தாச்சி வைச்சாச்சோ?”

“ஓம் சம்பந்தி. இப்பத்தான் முதல் பணியாரம் விட்டது. உங்கை?”

“நானும் வைச்சிட்டன்.”

கலியாணம் நிற்கவில்லை. அவள் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தாள். கம்சாயினி அப்படியே சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் போன் வைக்கப்படவில்லை. சரோஜாதேவி காதைக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் உரல் சத்தம் இல்லை, காப்புச் சத்தம் இல்லை, ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம் இல்லை. எண்ணெய் காய்கிற சின்ன இரைச்சல் மட்டும்.

“சம்பந்தி, பக்கத்தில ஆர் நிக்கினம்?”

“...இவர் நிக்கிறார். வெளியில.”

“பொம்பிளையள்?”

“அண்ணா எல்லா வீட்டுக்கும் சொல்லிப்போட்டார். மாசியில ஒருதரும் வரேல்லை.” குரல் உடைந்தது. “ஐம்பது வயசில முதல்தரம் அண்ணாவுக்கு மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன். தனிய எப்பிடிப் பணியாரம் விடுறது? தாச்சியை இறக்கட்டோ?”

“இறக்காதேங்கோ! அடுப்பைக் குறைச்சுப்போட்டு நில்லுங்கோ. நல்ல நேரம் மத்தியானம் மட்டும் இருக்கு.” சரோஜாதேவி போனை மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். “அங்கை அவ தனிய நிக்கிறா. ஒரு பெண்ணும் வரேல்லையாம்.”

“அதுக்கு?” என்றாள் சாந்தகுமாரி. “பொம்பிளை பகுதி மாப்பிள்ளை வீட்டுத் தாச்சிக்குப் போறதே? எங்கை கண்ட வழக்கம்?”

“நேற்று வரைக்கும் எங்களுக்கு வரி போட்ட வீடு அது,” என்றாள் பங்கஜம்.

“வரி போட்டவர் அங்கை இல்லை,” என்றாள் சரோஜாதேவி. “அவரோட கோவிச்சுப்போட்டுத்தான் அவ நிக்கிறா. நாலு நாளைக்கு முன்னம் இதே மாதிரி நான் நிண்டனான். நீங்கள் வந்தியள்.”

பிரேம்வதி ஏற்கெனவே மாச்சட்டியைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். “ஏய், வேன எடு!” என்று வெளியே கத்தினாள். சத்ய நந்த் பெயின்ற் டின்களை எல்லாம் புல்லில் இறக்கி வைத்தார். ஃபிஜிக்காரிகள் இருவரும் ஏறினார்கள். பங்கஜம் ஏறினாள். சாந்தகுமாரி ஆட்களை எண்ணினாள், இரட்டைப்படை வந்தது. “நாசமாப் போச்சு,” என்று சொல்லிக்கொண்டு தானும் ஏறினாள்.

பெண்ணின் தாய் தன் தாச்சியை விட்டுப் போகக்கூடாது. சரோஜாதேவி வேன் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிரேம்வதி முன் சீட்டில், மடியில் மாச்சட்டி. திடீரென்று அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

“தங்கச்சி, அந்த வீட்டு ஆளுங்களுக்கு என்னத் தெரியாதே. கதவத் தெறந்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“கலியாணப் பொம்பிளையின்ர பெரியம்மா எண்டு சொல்லுங்கோ அக்கா.”

பிரேம்வதி நேரே முன்னால் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, சட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னய்யா பாத்துட்டு இருக்க?” என்று அதட்டினாள் புருசனை. “ஓட்டு. அங்க எண்ணெ காயுது.”